“வேண்டாம்” என்பதற்கும் ஒரு பெயர் தேவை

“கல்யாணம் எப்போது?” இந்தியாவில் இருபத்தைந்து வயதைத் தொட்ட எவரும் இந்தக் கேள்விக்குத் தப்புவதில்லை. பதில் சொல்பவருக்கு இரண்டே வழிகள் தரப்படுகின்றன. மணநாளைச் சொல்ல வேண்டும். இல்லையேல் தாமதத்திற்குக் காரணம் சொல்ல வேண்டும். தங்கையின் திருமணம் முடியவில்லை, வேலை நிரந்தரமாகவில்லை, ஜாதகம் பொருந்தவில்லை, காதலை வீட்டார் ஏற்கவில்லை – இவை யாவும் செல்லுபடியாகும் காரணங்கள். “எவர்மீதும் உடல் வேட்கை தோன்றவில்லை” என்பது மட்டும் செல்லுபடியாவதில்லை. அதைச் சொன்னவர் மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார், அல்லது சாமியாரிடம் அனுப்பப்படுகிறார். இரண்டும் பலிக்காதபோது மணமேடைக்கே அனுப்பப்படுகிறார். “கட்டி வைத்தால் சரியாகிவிடும்” என்பதே குடும்பங்கள் கடைசியாக எழுதித் தரும் மருந்துச் சீட்டு.

இத்தகையோர் தங்களுக்கு ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கின்றனர். ஆங்கிலத்தில் ஏசெக்சுவல் என்றும், தமிழில் அல்பாலீர்ப்பினர் என்றும் அது வழங்குகிறது. அத்துடன் நில்லாமல், காதல் ஈர்ப்பு உண்டா இல்லையா, உண்டெனில் யார்மீது என்பதையும் தனித்தனிச் சொற்களால் அவர்கள் குறிக்கின்றனர். இச்சொற்களைக் கேட்டதும் வலதுசாரிகள் “மேலைநாட்டு இறக்குமதி” என்கின்றனர். அதில் வியப்பில்லை. “நகரத்து மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு”, “வர்க்க ஒற்றுமையைக் கூறுபோடும் அடையாள அரசியல்” என்று இடதுசாரி அணிகளுக்குள்ளும் சிலர் ஒதுக்கித் தள்ளுவதுதான் விவாதத்திற்குரியது. இந்த ஒதுக்கல் கோட்பாட்டிலும் தவறு, நடைமுறையிலும் தவறு. குடும்பம் என்னும் நிறுவனம் மனித உடலின்மீது செலுத்தும் அதிகாரத்திற்கு எதிரான ஒரு முதன்மைச் சாட்சியத்தை அது கைநழுவ விடுகிறது.

சொற்கள் சொல்வது என்ன?

அல்பாலீர்ப்பு என்பது துறவன்று, நோன்பன்று, ஆண்மைக் குறைவுமன்று. பிறர்மீது பாலியல் ஈர்ப்பு தோன்றாதிருத்தல், அல்லது மிக அரிதாகவே தோன்றுதல் என்பதே அதன் பொருள். ஆல்ஃபிரட் கின்சி 1948இல் அமெரிக்க ஆண்களின் பாலியல் நடத்தை குறித்து வெளியிட்ட ஆய்விலேயே, தம் அளவுகோலின் எந்தப் புள்ளியிலும் அடங்காதவர்களை ‘எக்ஸ்’ என்ற தனி எழுத்தில் குறித்தார். அரை நூற்றாண்டுக் காலம் அந்த எழுத்து அடிக்குறிப்பாகவே கிடந்தது. 2001இல் டேவிட் ஜே என்ற அமெரிக்க இளைஞர் இத்தகையோருக்கென ஒரு இணைய வலைப்பின்னலைத் தொடங்கினார். 2004இல் கனடாவின் அந்தோணி போகர்ட் என்ற ஆய்வாளர், பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியர்களிடம் முன்னர் எடுக்கப்பட்ட ஆய்வின் தரவுகளை ஆராய்ந்து, எவர்மீதும் பாலியல் ஈர்ப்பை உணர்ந்ததேயில்லை என்று ஏறத்தாழ 1 சதவீதத்தினர் கூறியிருப்பதை எடுத்துக்காட்டினார். பிரித்தானிய விகிதத்தை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்திக் கோடிக் கணக்குப் போடுவது அறிவியலாகாது. உரிமை எண்ணிக்கையைப் பொறுத்ததும் அன்று. இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கின்றனர் என்பதே இங்குப் போதுமான உண்மை.

இம்மனிதர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கியபோது இன்னொரு உண்மை வெளிப்பட்டது. உடல் வேட்கை இல்லாத எல்லோரும் காதல் இல்லாதவர்கள் அல்லர். ஒருவரோடு மட்டும் தனித்த நெருக்கத்தை நாடுவோர், அவரைக் காணாத நாளில் ஏங்குவோர், முதுமைவரை அவரோடு வாழ விரும்புவோர் அவர்களிடையே பலர். எதிர்பாலினர்மீது இந்த ஈர்ப்பு கொண்டோர் உண்டு. தம் பாலினர்மீது கொண்டோர் உண்டு. பால் பாராது கொண்டோரும் உண்டு. காதல் ஈர்ப்பும் தோன்றாதவர்கள் தங்களை ஏரோமான்டிக் என்று குறிக்கின்றனர். நட்பும் உறவும் கூட்டு வாழ்வும் அவர்களுக்கு நிறைவு தருகின்றன. இணை தேடும் உந்துதல் அவர்களிடம் இல்லை. இதன் மறுதலையும் உண்டு: பாலியல் ஈர்ப்பு இருந்தும் காதல் ஈர்ப்பு இல்லாதோர். ஆழ்ந்த உணர்வுப் பிணைப்பு ஏற்பட்ட பின்னரே பாலீர்ப்பு தோன்றுவோர் டெமிசெக்சுவல் என்ற சொல்லால் தங்களைக் குறிக்கின்றனர்.

பாலீர்ப்பு ஓர் இழை, காதல் ஈர்ப்பு வேறோர் இழை என்னும் இந்தப் பகுப்பு வெறும் சொல் விளையாட்டன்று. பாலியல் வேட்கையும் காதற்பிணைப்பும் செயற்பாட்டில் தனித்தனியானவை என்று லிசா டயமண்ட் என்னும் உளவியலாளர் 2003இல் வாதிட்டார். பெரும்பாலோரிடம் இரண்டும் ஒன்றாக முறுக்கப்பட்டிருப்பதால் அவை ஒரே கயிறாகத் தோன்றுகின்றன. சிலரிடம் அவை பிரிந்து கிடப்பதால்தான் கயிறு இழைகளால் ஆனது என்பதே தெரியவருகிறது.

இந்தியக் குடும்ப அமைப்பு இக்கயிற்றில் மூன்றாவது இழையொன்றையும் சேர்த்து முறுக்கியிருக்கிறது. அது சொத்தும் சாதியும் சேர்ந்த இழை. வேட்கை, காதல், மணம், வாரிசு, சாதித் தூய்மை ஆகிய ஐந்தும் ஒரே சடங்கில் கட்டப்படுகின்றன. இவற்றில் ஒன்று மட்டும் வேண்டும், மற்றொன்று வேண்டாம் என்று சொல்வோருக்கு இடமே வைக்கப்படவில்லை. அல்பாலீர்ப்பினரின் அடையாளச் சொற்கள் இந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டுகின்றன. அவை எரிச்சலூட்டுவதற்கும் அதுவே காரணம்.

பிரம்மச்சரியம் என்னும் திரிபு

“இது எமது மரபில் உள்ளதே; இதற்குப் பிரம்மச்சரியம் என்று பெயர்” என்று ஒரு தரப்பு அணைத்துக்கொள்ள வருகிறது. இந்த அணைப்பு ஆபத்தானது. பிரம்மச்சரியம் வேட்கையை அடக்கும் விரதம். அடக்குவதற்கு முதலில் வேட்கை இருந்தாக வேண்டும். காந்தி 1906இல் தம் முப்பத்தேழாம் வயதில் அவ்விரதத்தை மேற்கொண்டார். அதன்பின் வாழ்நாள் முழுதும் அதனோடு போராடியதை அவரே எழுதினார். அல்பாலீர்ப்பினருக்கு அப்படிப் போராட ஏதுமில்லை. அவர்கள் எதையும் துறக்கவில்லை. துறந்தவருக்குரிய மாலையை அவர்களுக்குச் சூட்டுவது, அவர்கள் சொல்வதைக் கேளாதிருப்பதன் மரியாதையான வடிவம்.

பிரம்மச்சரியத்தைப் போற்றிய அதே ஒழுங்கு யார்மீது எதைத் திணித்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. பூப்படையுமுன் சிறுமிகளுக்கு மணம் முடித்தது; கணவன் இறந்தபின் அதே சிறுமியின் தலையை மழித்து வாழ்நாள் விலக்கைச் சுமத்தியது. உயர்சாதி விதவையின் மறுமணத்தைச் சட்டம் ஏற்கவே 1856 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணிடம் “உனக்கு வேண்டுமா?” என்று மணத்தின்போதும் எவரும் கேட்கவில்லை, விலக்கின்போதும் எவரும் கேட்கவில்லை. உடலுறவைக் கட்டளையிட்டதும் மறுத்ததும் ஒரே அதிகாரம்தான். ஆகவே உடலுறவு நல்லதா தீயதா, மிகுதியா குறைவா என்ற விவாதத்தில் இப்பிரச்சினை இல்லை. ஒரு மனிதரின் உடலைப் பற்றித் தீர்மானிப்பது யார் என்பதில்தான் இருக்கிறது.

சட்டப் புத்தகத்திலிருக்கும் கட்டளை

இந்தக் கட்டளை பாட்டியின் வாயில் மட்டும் இல்லை; சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. 1884இல் பம்பாயில் தாதாஜி பிகாஜி என்பவர், சிறுவயதில் தமக்கு மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாயைத் தம்மோடு வந்து வாழ உத்தரவிடுமாறு வழக்குத் தொடுத்தார். 1885இல் நீதிபதி பின்ஹே மறுத்தார். மேல்முறையீட்டுக்குப் பின் 1887இல், கணவனோடு வாழ வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை செல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. சிறையே மேல் என்றார் ருக்மாபாய். 1888இல் பணம் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. அவர் பின்னர் மருத்துவரானார். இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்து, காலனியாட்சியால் கப்பலேறி வந்த அந்த வழக்கு முறைதான் இன்று இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவாக நிற்கிறது. உண்மையான இறக்குமதி எது என்பதை “மேலைநாட்டு இறக்குமதி” என்று கூச்சலிடுவோர் இங்கே பார்க்கட்டும்.

1983இல் ஆந்திர உயர்நீதிமன்றத்தின் நீதிபதி பி.ஏ.சௌத்ரி, சரிதா வழக்கில், அப்பிரிவு பெண்ணின் அந்தரங்கத்தையும் உடல்மீதான உரிமையையும் பறிப்பதாகக் கூறி அதை ரத்து செய்தார். மறு ஆண்டே சரோஜ் ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் அப்பிரிவை உயிர்ப்பித்தது. மதச்சார்பற்ற திருமணம் என்று முற்போக்காளர்கள் போற்றும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் விலக்கன்று. மனமறிந்து உடலுறவுக்கு மறுத்து மணத்தை நிறைவு செய்யாத துணையின் திருமணத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்கிறது அதன் 25ஆவது பிரிவு. 2007இல் சமர் கோஷ் வழக்கில் உச்சநீதிமன்றம் மனரீதியான கொடுமைக்கு எடுத்துக்காட்டுகளை வரிசைப்படுத்தியது. உடற்குறையோ தக்க காரணமோ இன்றி நெடுங்காலம் உடலுறவுக்கு மறுப்பது அவற்றுள் ஒன்று. ஈர்ப்பு தோன்றவில்லை என்பது ‘தக்க காரணம்’ ஆகுமா என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை.

இதன் உச்சம் மணஉறவுக்குள் வல்லுறவுக்குத் தரப்பட்டுள்ள விலக்கு. பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் அவள் விருப்பத்திற்கு மாறாகப் புணர்ந்தால் அது வல்லுறவாகாது என்ற பழைய தண்டனைச் சட்டத்தின் விலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவில் புதுப்பெயரோடு குடியேறியிருக்கிறது. இவ்விலக்கை நீக்குமாறு நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் பரிந்துரைத்தது. டெல்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே 11 அன்று மாறுபட்ட தீர்ப்புகள் வழங்கினர். விலக்கை நீக்கி இதை வல்லுறவென்று தண்டிப்பது மிகக் கடுமையாகிவிடும் என்று 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் அளித்தது. மனைவியின் ‘வேண்டாம்’ சட்டத்தின் காதில் விழாத நாட்டில், தமக்கு உடல் வேட்கையே இல்லை என்று கூறும் பெண்ணின் முதலிரவு எத்தகையதாக இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இங்கு ஒரு எதிர்வாதம் எழும்: வேட்கை உள்ள துணையின் கதி என்ன? அதுவும் நியாயமான கேள்வியே. உடலுறவற்ற மணவாழ்வில் எவரையும் பூட்டிவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அதற்கான தீர்வு, ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்காமலேயே பிரிய வழிசெய்யும் மணவிலக்குச் சட்டமும், பிரியும் பெண்ணுக்குச் சொத்தில் பங்கும் ஆகும். மீளமுடியாதபடி முறிந்த மணத்தைத் தன் சிறப்பதிகாரத்தால் கலைக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2023 மே 1 அன்று கூறியது. உச்சநீதிமன்றம்வரை செல்ல வசதியில்லாதோருக்கு அந்தக் கதவு இன்னும் மூடியே கிடக்கிறது. முன்கூட்டியே “நான் இத்தகையவர்” என்று சொல்ல ஒரு சொல்லும், அச்சொல்லை ஏற்கும் குடும்பமும் இருந்தால் இரு வாழ்வுகளும் சிதையாமல் தப்பும். அடையாளச் சொல்லின் முதல் பயன் இதுதான்.

‘குட்டி முதலாளித்துவச் சொற்கள்’

இடதுசாரி அணிகளில் எழும் ஆட்சேபணைகளுக்கு வருவோம். இச்சொற்களைப் பேசுவோர் ஆங்கிலம் படித்த நகரத்து இளைஞர்கள் என்பது முதல் ஆட்சேபணை. சொற்கள் அவர்களிடம் இருப்பது உண்மை. அனுபவமும் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது என்று அதிலிருந்து முடிவு கட்டுவது பிழை. மாதவருமானமும் தனி அறையும் உள்ளவர் மணத்தைத் தள்ளிப்போட முடிகிறது. பீடி சுற்றும் பெண்ணும் பின்னலாடைத் தொழிலாளியும் வீட்டுவேலை செய்பவரும் தள்ளிப்போட முடிவதில்லை; தம் நிலைக்குப் பெயர் தேடுமுன்பே அவர்கள் மனைவியாகவும் தாயாகவும் ஆக்கப்படுகின்றனர். இச்சொற்கள் மேட்டுக்குடியில் தேங்கி நிற்பது வர்க்கச் சமத்துவமின்மையின் விளைவு. அதைக் காட்டியே அச்சொற்களை மறுப்பது, எழுத்தறிவு பணக்காரரிடம் இருந்தது என்பதால் எழுத்தையே மறுப்பதற்கு ஒப்பாகும்.

பெயரிடுதல் போராட்டத்தின் தொடக்கம் என்பதை இந்நாட்டு இயக்கங்களே கற்பித்துள்ளன. பிறர் சூட்டிய ‘அரிஜன்’ என்ற பெயரை உதறி, 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தம் பெயரைத் தாமே அறிவித்தனர். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக பன்வாரி தேவி 1992இல் கூட்டு வல்லுறவுக்கு உள்ளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில்தான், பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் என்பதற்கு 1997இல் உச்சநீதிமன்றம் முதன்முறையாக வரையறை தந்தது. அதற்கு முன் அக்கொடுமை இல்லாமலில்லை. ‘ஈவ் டீசிங்’ என்ற விளையாட்டுப் பெயரும், ‘நாணத்துக்கு ஊறு’ என்ற பழைய பிரிவும் அதை மூடிவைத்திருந்தன. சொல் கிடைத்த பிறகே புகார் எழுத முடிந்தது.

இரண்டாவது ஆட்சேபணை, இவை தனிமனித விவகாரங்கள் என்பது. இதற்கு மார்க்சிய மூலவர்களே பதில் தந்திருக்கின்றனர். ஒருதார மணக் குடும்பம் இயற்கையின் ஏற்பாடன்று, தனிச்சொத்தோடும் வாரிசுரிமையோடும் எழுந்த நிறுவனம் என்று எங்கெல்ஸ் 1884இலேயே நிறுவினார். பொருளியல் நிர்ப்பந்தம் நீங்கிய சமுதாயத்தில் மனிதர்கள் எவ்வாறு உறவுகொள்வர் என்பதற்கு அவர் சூத்திரம் எழுதித் தரவில்லை. அதை அத்தலைமுறையே தீர்மானித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். அலெக்சாந்திரா கொல்லந்தாய் 1923இல் உழைக்கும் இளைஞர்களுக்கு எழுதிய கட்டுரையில், காதல் என்பது நட்பு, பரிவு, வேட்கை, தாய்மைக் கனிவு எனப் பல இழைகளால் நெய்யப்பட்டது என்றும், இவையெல்லாம் ஒரே மனிதர்பால் ஒருங்கே அமைந்தாக வேண்டும் என்பதும் ஒருவரை ஒருவர் உடைமையாக்குவதும் முதலாளித்துவ ஒழுக்கத்தின் நியதிகள் என்றும் வாதிட்டார். இன்றைய அல்பாலீர்ப்பினர் இழைகளைப் பிரித்துப் பேசும்போது, நூறாண்டுகளுக்கு முன் ஒரு போல்ஷிவிக் திறந்து வைத்த விவாதத்தையே தொடர்கின்றனர்.

லெனினைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. கிளாரா ஜெட்கின் பதிவுசெய்த உரையாடலில், பாலுறவு ஒரு குவளை நீர் அருந்துவது போன்றது என்ற கருத்தை லெனின் கடுமையாகச் சாடினார். அதே மூச்சில் தாம் துறவைப் போதிக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். பாலுறவு இருவருக்கிடையிலான சமூக உறவு, அதில் பொறுப்பு இருக்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். “எனக்கு அந்தத் தாகம் இல்லை” என்று சொல்லும் மனிதரை அவ்வாதத்தைக் கொண்டு தாக்க முடியாது. தாகமில்லாதவரின் வாயில் நீரை ஊற்றும் குடும்பத்தைத்தான் தாக்க முடியும்.

இடதுசாரி இயக்கத்தின் சொந்த வரலாறும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மணமாகாமலே வாழ்ந்து மறைந்த முழுநேர ஊழியர்கள் எத்தனையோ பேர். அவர்களின் நினைவுக் கூட்டங்களில் “இயக்கத்திற்காக இல்லறத்தைத் துறந்தார்” என்று பேசப்படுகிறது. அவர்களுள் சிலர் எதையும் துறந்திருக்காமலும் இருக்கலாம். தமக்கு இயல்பான வாழ்வையே வாழ்ந்திருக்கலாம். அப்படிச் சொல்ல அவர்களுக்குச் சொல் இல்லை. தியாகம் என்ற ஒரே சொல்தான் தரப்பட்டது. இன்று ஓர் இளம் தோழர் “துறக்கவில்லை, எனக்கு அது தோன்றவில்லை” என்று கூறினால் புருவங்கள் உயர்கின்றன. தியாகியை வணங்கும் இயக்கம் இயல்பானவரைக் கண்டு கூச்சப்படுவதற்குக் கோட்பாட்டுக் காரணம் ஏதுமில்லை. குடும்ப வழக்கம் இயக்கத்திற்குள்ளும் புகுந்திருக்கிறது என்பதே காரணம்.

குடும்பத்திற்கு வெளியே வாழ்வு சாத்தியம் என்பதை இதே இயக்கம் ஒருகாலத்தில் வாழ்ந்தும் காட்டியது. 1940களில் பி.சி.ஜோஷி பொதுச்செயலாளராக இருந்தபோது பம்பாயில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகம் ஒரு கம்யூனாகவும் இருந்தது. மணமானவர்களும் ஆகாதவர்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர். ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டனர். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மையக் குழுவும் அந்தேரியில் அவ்வாறே வாழ்ந்தது. ஒருவரையொருவர் பேணுவதற்குத் தாலியும் இரத்த உறவும் தேவைப்படவில்லை. தோழமை போதுமானதாக இருந்தது.

அடையாளத்தின் எல்லைகள்

இவ்வாறு சொல்வதால் அடையாளச் சொற்கள் அனைத்தையும் தீர்த்துவிடும் என்றாகாது. சொல் கருவியாக இருக்கும்வரை பயன்படும். வேலியாக மாறினால் பிரிக்கும். ஒருமுறை உடலுறவு கொண்டவர் ‘உண்மையான’ அல்பாலீர்ப்பினர் ஆகமாட்டார், மணமானவர் ஆகமாட்டார், பின்னாளில் காதல் வயப்பட்டவர் ஆகமாட்டார் என்று தூய்மைச் சோதனை நடத்துவோர் அச்சமூகத்திலும் உண்டு. இந்தியப் பெண்களில் பெரும்பாலோருக்கு மணம் தேர்வாக அமைவதேயில்லை. அச்சோதனையில் அவர்கள் நுழைவாயிலிலேயே தோற்றுப்போவர். சந்தைக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு வாடிக்கையாளர் வகை. இணைதேடும் செயலிகளில் அடையாளம் ஒரு பொத்தானாகிறது. ஜூன் மாதத்தில் நிறுவனச் சின்னங்கள் வானவில் பூசிக்கொள்கின்றன. அதே நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு விடுப்பும் இல்லை, காப்பீடும் இல்லை.

பால்புதுமையினர் இயக்கத்தின் முதன்மைப் போக்கும் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டதன்று. 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆவது பிரிவின் கொடுங்கரம் முறிக்கப்பட்டது, தடை நீங்கியது. தடைக்கு எதிரான போராட்டம் வென்றபோதும் கட்டளைக்கு எதிரான போராட்டம் தொடங்கப்படவேயில்லை. அடுத்து வந்த திருமணச் சமத்துவ வழக்கில், காதலிக்கும் இணையரே மையப் படிமமாக நின்றனர். திருமண உரிமை கோருவோரின் கோரிக்கை நியாயமானது. ஆயினும் காதல் இணையே மனித உறவின் சிகரம் என்ற கருத்து அதனால் வலுப்பட்டது. இக்கருத்துக்குத் தத்துவவியலாளர் எலிசபெத் பிரேக் 2012இல் அமடோநார்மேட்டிவிட்டி என்று பெயரிட்டார். காதலிணையைத் தவிர வேறெந்த உறவையும் இரண்டாந்தரமாக்கும் நியதி என்று அதற்குப் பொருள். 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமையன்று என்றனர். மூவரின் பெரும்பான்மை வேறெந்தச் சட்ட அங்கீகாரத்தையும் தர மறுத்தது. பிறந்த குடும்பத்தின் வன்முறைக்குத் தப்பியவர்கள் தாமே தேர்ந்த குடும்பத்தை ஏற்கவேண்டும் என்று அவ்வழக்குகளில் ஒன்றில் எழுப்பப்பட்ட கோரிக்கையும் அதோடு வீழ்ந்தது.

அந்தக் கோரிக்கைதான் அல்பாலீர்ப்பினரையும் மற்ற உழைக்கும் மக்களையும் இணைக்கும் புள்ளி. அது முற்றிலும் செவிமடுக்கப்படாமலும் இல்லை. குடும்பம் என்பது கணவன், மனைவி, குழந்தைகள் என்ற ஒரே வடிவில் மட்டும் அமைவதன்று என்று உச்சநீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீபிகா சிங் வழக்கில் கூறியது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுத்த குடும்பத்தை ஏற்றுப் பேசியது. ஆட்சியாளர்கள் செல்லும் திசையோ எதிரானது. 2025 ஜனவரி 27 அன்று உத்தராகண்டில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், மணமாகாமல் சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் ஒரு மாதத்திற்குள் பதிவு செய்யாவிட்டால் சிறைத்தண்டனை வரை விதிக்கலாம் என்கிறது. இருபத்தொரு வயது நிரம்பாதோரின் பெற்றோருக்குத் தகவல் அனுப்பவும் ஆணையிடுகிறது. உடலுறவோ மண எண்ணமோ இன்றி ஒரே வீட்டில் வாழும் இருவர் தங்கள் உறவின் தன்மையை இனிப் பதிவாளரிடமும் காவல்துறையிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். படுக்கையறையில் இருப்பதைத் தண்டித்த அரசு, அங்கு ஏதும் இல்லாததற்கும் சான்று கேட்கிறது.

செய்யவேண்டியது என்ன?

கோரிக்கைகள் தெளிவானவை. மணஉறவுக்குள் வல்லுறவுக்குத் தரப்பட்ட விலக்கு ஒழிய வேண்டும். சேர்ந்து வாழக் கட்டளையிடும் 9ஆவது பிரிவும் பிற மணச் சட்டங்களில் அதன் நிகர்களும் நீக்கப்பட வேண்டும். எவரையும் குற்றவாளியாக்காத மணவிலக்கு, பெண்ணின் சொத்துரிமையோடு சேர்ந்து வர வேண்டும். மருத்துவத் துறையில் சட்டம் ஏற்கெனவே ஒரு பிடியைத் தந்திருக்கிறது. ஒருவர் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு செய்யலாகாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். தம்மை அல்பாலீர்ப்பினர் என்று கூறும் பெண்ணுக்குப் பாலியல் நாட்டக் கோளாறு என்று நோய்ப்பெயர் சூட்டலாகாது என்று அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013லேயே குறித்துவிட்டது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சை தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. இவையாவும் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுவரை சென்று சேர வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் நேரடிப் பணி உண்டு. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின்படி, குடும்பம் உள்ள தொழிலாளி அக்குடும்பத்திற்கு வெளியே எவரையும் நாமினியாக்க முடியாது. அவரைச் சார்ந்த பெற்றோரும் அவ்வரையறைக்குள் வருவர். தம்மைச் சார்ந்த பெற்றோர் உள்ள, மணமாகாத ஒரு தொழிலாளியும் அவருடைய தோழியும் இருபதாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒருவர் நோயில் மற்றவர் விழித்திருந்தாலும், அந்தச் சேமிப்பில் தோழிக்கு ஒரு ரூபாயும் எழுதிவைக்க முடியாது என்பதே இதன் பொருள். 2024 ஆகஸ்டில் பால்புதுமையினர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாக்கவும் தடையில்லை என்று ஒன்றிய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. வங்கியில் ஏற்கப்பட்டது வைப்பு நிதியில் ஏன் ஏற்கப்படலாகாது? தான் நம்பும் எவரையும் நாமினியாக்கும் உரிமை, மருத்துவமனையில் கையொப்பமிடத் தகுந்தவரைத் தானே குறிக்கும் உரிமை, மணமாகாதவருக்கும் வாடகை வீடும் குடும்ப அட்டையும் பெறும் உரிமை ஆகியவை அல்பாலீர்ப்பினருக்கு மட்டும் உரியவை அல்ல. கைவிடப்பட்ட பெண்கள், விதவைகள், ஊர்விட்டு ஊர் வந்து அறை பகிர்ந்து வாழும் புலம்பெயர் தொழிலாளர்கள் அனைவருக்கும் அவை தேவை. அடையாளச் சொல் வர்க்கத்தைக் கூறுபோடும் என்று அஞ்சுவோர், அச்சொல்லைப் பிடித்துச் சென்றால் எத்தனை பேர் வாழ்வுக்கு வழி திறக்கிறது என்பதையும் காண வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அதற்குச் சட்டத் திருத்தமோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் இளம் தோழரிடம் “கல்யாணம் எப்போது?” என்று கேட்கும் வழக்கத்தை நிறுத்தலாம். ஒருவர் தயங்கித் தயங்கித் தம்மைப் பற்றி ஒரு புதிய சொல்லைச் சொன்னால், அதன் வர்க்கத் தன்மையை ஆராயத் தொடங்குமுன் அச்சொல்லை முழுதாகக் கேட்கலாம். மனிதர் தம் உழைப்பின்மீது உரிமை பெறவேண்டும் என்று போராடுவோர், தம் உடலின்மீதும் நெஞ்சின்மீதும் அவருக்குள்ள உரிமையை ஐயத்தோடு பார்ப்பது முரண். அந்த முரணைக் களைவது இயக்கத்தின் பொறுப்பு.